சேலம் சாலையில் கருமையாகும் பாறைகள்

கேள்வி: பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில், வெளிர் சாம்பல் நிறத்தில் வரிவரியாகக் காணப்படும் பாறைகள் தருமபுரிப் பக்கம் வரவரக் கருமையாகிவிடுகின்றன. இரண்டும் வேறு வேறு பாறைகளா? (வாசகர், ஓசூர்)

பதில்: கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். வடக்கே இருப்பது தார்வார் கிரேட்டான் எனப்படும் பழங்கண்டத்திட்டு. பெங்களூரு லால்பாக் குன்றில் தெரியும் வரிப்பாறையான நைஸ், ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழமையானது. இத்தகைய திட்டுகள் நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு, அவற்றின் அடியில், மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் என்னும் அடுக்குக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் குளிர்ந்த, எடை குறைந்த வேர் முக்கியக் காரணம். அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூரில், ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பாக எழுந்து இறுகிய கிம்பர்லைட் பாறைகள் மேலே கொண்டுவந்த வைரங்கள், 150 கிலோமீட்டருக்கும் கீழே அந்த வேர் இருந்ததற்குச் சான்று.

தெற்கே நீங்கள் காணும் கரும்பாறை சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாவிலுள்ள கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். சென்னையின் பரங்கிமலையும் இதே பாறைதான். கண்டத்திட்டின் தென்விளிம்பில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோடு நெருக்குண்டு தடித்தபோது, 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர் வெளியேறிய நிலையில் வரிப்பாறைகளே பல இடங்களில் இவ்வாறு உருமாறின. ஆகவே பாதிக் கேள்விக்கு 'இல்லை' என்பதே விடை: கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் ஒரே கல்லில் வெளிர் நைசும் அதனூடே படர்ந்த கருந்திட்டுகளும் சேர்ந்திருப்பதைக் காணலாம். பின்னர் தென்பகுதி அதிகமாக உயர்ந்து அரிக்கப்பட்டதால், அங்கு மேலோட்டின் ஆழ்ந்த அடுக்குகளே வெளித்தெரிகின்றன. நீங்கள் சேலத்தை நோக்கி வரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பழைய பூமியின் ஆழத்துக்குள் இறங்குவதற்கு ஒப்பாகும். சுரங்கம் தோண்டாமல் இவ்வளவு ஆழத்தைக் காண முடிகிற சாலைகள் உலகில் மிகச் சிலவே.

பாலக்காடு–காவிரிப் பிளவுப் பகுதிக்குத் தெற்கே கதை இன்னும் நீள்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்த ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடுமையாகச் சூடேறின. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் அதே காலத்து உருமாற்றம் பதிந்துள்ளது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த மோதல்களில் எழுந்த மலைகள் எப்போதோ தேய்ந்துவிட்டன. எஞ்சியவை அவற்றின் அடிவேர்களே. நீலகிரியின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையுடையது என்றாலும், அதன் இன்றைய உயரம் மிகப் பிற்காலத்தில், நிலம் மேலெழுந்தும் அரிக்கப்பட்டும் உருவானது.