தேத்தண்ணியும் இரும்பு மாத்திரையும்: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்

விடியப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் இடம்) போகுமுன் ரொட்டியும் சாயத்தண்ணியும், பத்து மணிக்கு மலையில் இன்னொரு தேத்தண்ணி. இரும்பு மாத்திரையை அதோடுதான் விழுங்குகிறேன். ஆறு மாதம், இரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 9.8 என்கிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லையா?
– பொகவந்தலாவை

வேலை செய்ய நீங்கள் விடவில்லை. சாயத்தில் உள்ள ‘தனின்’ என்ற பொருள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியது மலத்தோடு போய்விடும். இராச்சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்குமுன் மாத்திரையைப் போடுங்கள். வெறும் தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து குடித்தால் இரும்பு நன்றாக ஏறும். கிளினிக்கில் விற்றமின் சி தந்திருந்தால் அதையும் சேர்த்தே போடலாம். கல்சியம் மாத்திரையும் இரும்பைத் தடுக்கும் என்பதால் அதைப் பகல் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள்.

வெறும் வயிறு எரிந்தால் சாப்பிட்ட கையோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள். இந்த இரண்டுக்கும் பயந்து மாத்திரையை அலுமாரியில் பூட்டி வைக்கிறவர்கள்தான் அதிகம், அது மிகப் பெரிய தவறு.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடியுங்கள், நாளுக்கு மூன்று கோப்பைக்குள். ஆனால் 9.8 என்பது கர்ப்பிணிக்கு வேண்டிய 11-க்குக் கீழே. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டுமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். பூச்சி மாத்திரை போட்டீர்களா என்றும் கேளுங்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் அது பாதத்தின் வழியே ஏறும்.

பீட்ரூட் சாப்பிட்டால் இரத்தம் ஊறுமா?
– நானுஓயா

அந்தச் சிவப்பு வெறும் நிறம். இரும்பு அதில் கொஞ்சம்தான். நல்ல மரக்கறி, சாப்பிடுங்கள். இரத்தத்துக்கு நெத்தலி, முட்டை, இறைச்சி, பருப்பு, கடலை, கீரை.

மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். வாங்கிச் சாப்பிட வசதி குறைவு.
– மஸ்கெலியா

ரொட்டி வயிற்றை நிரப்பும், பிள்ளைக்கு வேண்டிய புரதத்தை அது மட்டும் தராது. மாவைப் பிசையும்போதே ஒரு பிடி முருங்கைக் கீரையை அரிந்து போட்டு ஒரு முட்டையும் உடைத்து ஊற்றுங்கள். சம்பலுக்குப் பதில் தடிப்பான பருப்புக் கறி: 50 கிராம் பருப்பில் ஏறத்தாழ 12 கிராம் புரதம். நெத்தலிக் கருவாட்டை இரண்டு தண்ணீர் கழுவி உப்பைப் போக்கி, முள்ளோடு வறுத்தால் கல்சியமும் கிடைக்கும். மலைக்குக் கொண்டுபோகும் பொட்டலத்தில் அவித்த கடலை ஒரு பிடி இருக்கட்டும்.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவான திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு கரண்டிதான். மாதம் 750 கிராம் பொதி இரண்டு என்பது ஒரு தாய்க்கு நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கு. ஏற்கெனவே வெந்த மா அது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு, சுடுதண்ணீர் தெளித்து உருண்டை பிடித்தால் போதும். பனிக்காலத்தில் லயத்து வீட்டுச் சுவரின் ஈரம் மாவில் ஏறும். மூடி இறுக்கமான டின்னில் போட்டு, தரையில் வைக்காமல் தூக்கி வையுங்கள். பூஞ்சண வாடை வந்தால் வறுத்தாலும் சரிவராது, கொட்டிவிடுங்கள்.

மனைவிக்கு எட்டு மாதம். குறைவாகச் சாப்பிட்டால் பிள்ளை சின்னதாகி பிரசவம் லேசாகும் என்கிறார் என் அம்மா.
– பதுளை

அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளை உடம்புச் சூட்டை இழந்துவிடும். மலைநாட்டுக் குளிரில் அது உயிராபத்து. கடைசி மாதங்களில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை கூட வேண்டும். கருப்பை இரைப்பையை நெருக்குவதால் ஒரே மூச்சில் சாப்பிட முடியாது. ஐந்தாறு தடவையாகக் கொடுங்கள். முதல் தட்டு அவருக்கு, மற்றவர்களுக்கு அதன் பின்.

அடுப்புச் சாம்பலும் பச்சரிசியும் தின்ன ஆசையாக இருக்கிறது. சொல்ல வெட்கம்.
– பண்டாரவளை

வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குறைவில் பல பெண்களுக்கு வருவது. மருத்துவமாதுவிடம் சொல்லி இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். குறை தீர்ந்தால் ஆசையும் பெரும்பாலும் போய்விடும். அதுவரை வாயில் போட நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ வைத்திருங்கள். வெற்றிலை வேண்டாம்: பாக்கு பிள்ளையின் எடையைக் குறைக்கும்.