பட்டறைப் பதில்கள்: சீட்டுக்கு அடியில் ஒரு திருகு

போன இதழில் "மிஷின் ஓட்டுகிறவர்கள் முதுகைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், கட்டுக்கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் பெயரைப் போட வேண்டாம் என்கிறார்கள். முதலாளி கண்ணில் பட்டுவிடுமாம். நியாயம்தான். ஊரும் வேலையும் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: ஒன்பது வருடமாகக் கல்குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறேன். பாதி நாள் பிரேக்கர் வேலை. ராத்திரி படுத்தால் இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது. சீட்டின் மேல் இரண்டு அடுக்கு ஃபோம் போட்டுப் பார்த்தேன், குறையவில்லை. கேபினையே மாற்ற வேண்டியிருக்குமா அண்ணா?
— பொக்லைன் ஓட்டுநர், வள்ளிமலை பக்கம்

பதில்: கேபினெல்லாம் மாற்ற வேண்டாம் தம்பி. முதல் வேலையாக அந்த ஃபோமை எடுத்து வெளியே போடுங்கள். மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் எல்லா வேகத்தையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான ஆட்டம்தான் முதுகுக்கு ஆகவே ஆகாது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அது வந்துபோகும் தாளத்துக்கே தள்ளினால் எப்படி ஏறுமோ, அப்படி இந்த வேகத்தில் முதுகெலும்பு தானும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். இப்போது பாறை உடைக்கிற உங்கள் பிரேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 450 அடி என்றால் நொடிக்கு ஏழரை. சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. ஃபோம் இந்த வேகத்தைத் தடுக்காது. சில சமயம் கூட்டியும் விடும். போதாததற்கு உங்களை இரண்டு அங்குலம் மேலே தூக்கி, கால் பெடலுக்கு எட்டாமல் இடுப்பை முன்னால் தள்ளி உட்கார வைக்கும்.

அப்புறம் எது தடுக்கும் என்கிறீர்களா? உங்கள் கேபினில் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். கேபினுக்கும் சேஸுக்கும் நடுவில் மூலைக்கு மூலை இருக்கிற மவுண்டிங் ரப்பர் ஒன்று. சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கும், அதன் குதிப்பை அடக்குகிற டேம்பரும் இன்னொன்று. வேகமான அதிர்வை ரப்பர் பிடிக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் 900 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஓடினால் நொடிக்கு 30 துடிப்பு வரும். அது ரப்பரின் வேலை. ஏழரை போன்ற மெதுவான ஆட்டத்துக்கு ரப்பர் போதாது, சீட்தான் பிடிக்க வேண்டும். எந்த ஸ்பிரிங்குக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக ஆட்டினால்தான் அது ஆட்டத்தைக் குறைக்கவே தொடங்கும். நல்ல சஸ்பென்ஷன் சீட்டின் தாளம் நொடிக்கு ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. அதனால் ஏழரை அதற்குச் சுலபம். ஆனால் சீட் அசைய வேண்டுமே!

போன சித்திரையில் ஒரு பொக்லைன் என் பட்டறைக்கு வந்தது. ஓட்டுகிற பையன் ஒல்லி, 58 கிலோ. அவனும் முதுகுவலி என்றுதான் சொன்னான். சீட்டின் முன்பக்கம் குனிந்து பார்த்தால், கிலோ எண் போட்ட சின்னக் கண்ணாடிக்குள் முள் 110-இல் நிற்கிறது. பக்கத்தில் ஒரு திருகு. கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஓரம் கறுத்துப்போய் இன்னும் அதன் மேல் இருந்தது. மிஷின் வாங்கி ஆறு வருடம்! 110 கிலோவுக்கு முறுக்கிய ஸ்பிரிங்கில் 58 கிலோ ஆள் உட்கார்ந்தால் சீட் மேல் முட்டிலேயே நிற்கும். பலகை மேல் உட்கார்ந்த மாதிரிதான். நேர்மாறாக, கனத்த ஆள் குறைந்த எண்ணில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழிக்கும் அடிமுட்டில் போய் 'டம்' என்று இடிக்கும். இது அதைவிடக் கொடுமை. பையனை உட்கார வைத்து, இரண்டு காலும் பெடலில், கை லீவரில். சீட் முழு ஓட்டத்தில் பாதியில் வந்து நிற்கும் வரை திருகைச் சுற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது. டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் இதைச் செய்துவிட்டு கேபினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா, ஒரு மூலை மட்டும் அமுங்கியிருக்கிறதா? சில மிஷின்களில் ரப்பருக்குள் சிலிக்கான் எண்ணெய் ஊற்றி மூடியிருப்பார்கள். அது கசிந்தால் தூசி ஒட்டிக்கொண்டு, வடைச்சட்டியின் அடிக்கரி மாதிரி ஒரு கறுப்புப் பிசுக்கு தெரியும். அப்படித் தெரிந்தால் அது செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது நாலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் கேபின் ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். ரப்பர் காய்ந்து விறைத்துப்போகிறது. அது போதாதென்று கேபின் அடியை டீசல் ஊற்றிக் கழுவுகிறோம். டீசல் பட்ட ரப்பர் ஊறிப் பருத்துச் சத்து போய்விடும். தண்ணீரும் சோப்புத்தூளும் போதும்.

கேள்வி: ரோடு ரோலர் கேபின் ரொம்ப ஆடுகிறது. ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு வாஷர் கொடுத்து இறுக்கிவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் வெல்டர். செய்யலாமா?
— ரோலர் ஓட்டுநர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். இந்தப் புத்திசாலித்தனத்தை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். பட்டறை வைத்த புதிதில், ரப்பர் கிடைக்காத ஒரு நாளில், இரும்புப் பட்டை வெட்டிக் கொடுத்து நாலு போல்ட்டையும் முறுக்கி அனுப்பினேன். கேபின் ஆடவில்லை, அசையவில்லை. எட்டாவது நாள் முன் கண்ணாடி குறுக்கே விரிந்து மிஷின் திரும்பி வந்தது. ஓட்டியவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இறங்கினார். ஆட்டம் நின்றது கண்ணுக்கு மட்டும்தான். டிரம்மின் அதிர்வு முழுக்க இரும்பு வழியே கேபினுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் காசு என் கைக்காசு.

கேள்வி: புதிதாக வீல் லோடர் வாங்கப் போகிறேன். இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் எலெக்ட்ரானிக் டேம்பர் சீட் என்று ஒன்றைக் காட்டி நிறையக் காசு கேட்கிறார்கள். ஏமாற்று வேலையா, விஷயம் இருக்கிறதா?
— ஒப்பந்ததாரர், ராணிப்பேட்டை

பதில்: விஷயம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமா என்பது வேறு.

பேங்க் வாசலில் கதவு தானாக மூடிக்கொள்ள மேலே ஒரு டோர் குளோசர் இருக்குமே, அதற்குள் எண்ணெய் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டையைச் சுருக்கினால் கதவு நத்தை மாதிரி மூடும். அகலமாக்கினால் படாரென்று அறையும். டேம்பரும் இதே ஜாதிதான். டேம்பர் இறுக்கமாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. பெரிய குழியில் விழும்போது, சீட் தன் தாளத்திலேயே குதிக்க ஆரம்பிக்கும்போது, இறுக்கம் காப்பாற்றும். ஆனால் வேகமான சின்ன அதிர்வு வந்தால் இறுக்கிய டேம்பர் ஒரு கம்பி மாதிரி விறைத்து அதை அப்படியே முதுகுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். தளர்த்தி வைத்தால் சின்ன அதிர்வு மறையும், குழியில் அடிமுட்டு இடிக்கும். ஒரே அளவில் வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது. அதனால்தான் நல்ல சீட்டில் இளக்கம், நடுத்தரம், இறுக்கம் என்று மாற்ற ஒரு லீவர் கொடுக்கிறார்கள். அதையும் யாரும் தொடுவதில்லை, அது தனிக் கதை.

அந்த லீவரை நொடிக்குப் பலமுறை ஒருவர் மாற்றிக்கொண்டே இருந்தால்? அதைத்தான் எலெக்ட்ரானிக் டேம்பர் செய்கிறது. இதற்கான கணக்கை 1974-இலேயே கார்னாப் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிவிட்டார்கள். வானத்தில் ஒரு கொக்கி இருப்பதாக வைத்துக்கொண்டு, சீட்டை அதில் கட்டிவிட்ட மாதிரி டேம்பரை நடிக்க வைப்பது. சில வகைகளில் மின்சாரம் வால்வை மாற்றும். இன்னொரு வகையில் எண்ணெயே மாறும். மைக்ரான் கணக்கில் பொடித்த இரும்புத் தூள் கலந்த எண்ணெய் அது. சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்தால் தூளெல்லாம் வரிசை கட்டி, எண்ணெய் கண் இமைப்பதற்குள் கூழாகிவிடும். நிறுத்தினால் மறுபடி எண்ணெய். அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ 1940களில் கண்டுபிடித்தது. லாரி சீட்டுக்கு வரவே 1990களின் கடைசி ஆகிவிட்டது. ஐம்பது வருடம்! நம் முதுகுக்கு அவ்வளவு அவசரம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லோடர் ஒரே இடத்தில் நின்று ஜல்லி அள்ளிப் போடுகிறதென்றால் இது வீண் செலவு. பக்கெட் நிறையச் சுமையோடு மேடுபள்ளமான யார்டில் நாள் முழுக்க ஓடுகிறதென்றால் யோசிக்கலாம். அதற்கு முன்னால், ஏறி உட்கார்ந்ததும் ஆளின் எடையைத் தானே பிடித்து உயரம் வைத்துக்கொள்ளும் காற்று சீட் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களைப் போன்ற ஒப்பந்ததாரர்களிடம் மாதத்துக்கு ஓர் ஆபரேட்டர் மாறுகிறார், யாரும் திருகைத் தொடப் போவதில்லை. என்னைக் கேட்டால் முதல் காசை அங்கேதான் போடுவேன். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மண் வேலை மிஷின்களின் சீட் அதிர்வை அளக்கிற ஐஎஸ்ஓ 7096 சோதனையை எந்த வகை மிஷினுக்குச் செய்திருக்கிறார்கள்? ஃபியூஸ் போனால் டேம்பர் என்ன ஆகும்? இரும்புத்தூள் வகை மின்சாரம் இல்லையென்றால் தளர்ந்துவிடும். அது ராணிப்பேட்டையில் ரிப்பேர் ஆகுமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறார். ரொட்டவேட்டர் சீசனில் பத்து மணி நேரம். ஒரு மாதமாக இடது கால் மரத்துப்போகிறது என்கிறார். டாக்டரிடம் போகச் சொன்னால் சீட்டை மாற்றினால் சரியாகும் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். கால் மரத்துப்போன பிறகு சீட்டைப் பார்க்கக் கூடாது, எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே. சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி இல்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

பார்த்துவிட்டு வந்த பிறகு டிராக்டருக்கு வருவோம். வயலில் ஓடும் நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் பின் அச்சில் ஸ்பிரிங் கிடையாது. டயரில் இருக்கும் காற்றுதான் ஸ்பிரிங். ரோட்டில் டிரெய்லர் இழுக்க ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கினால் முதுகு வாங்கும். கையேட்டில் வயலுக்குச் சொன்ன அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். வேகத்தையும் ஒரு கியர் குறைக்கட்டும். ஐரோப்பாவில் 2002-இல் போட்ட விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதிர்வைப் பாதியாக்கினால், அதே அளவு பாதிப்பு சேர நாலு மடங்கு நேரம் ஆகும். கொஞ்சம் மெதுவாக ஓட்டுவது கொஞ்ச லாபம் இல்லை.

இன்னொன்று. பத்து மணி நேரம் குலுங்கிய இடுப்போடு டிராக்டரிலிருந்து குதித்து இறங்குவதும், இறங்கின கையோடு மூட்டை தூக்குவதும் வேண்டாம். படியில் கால் வைத்து இறங்கி, கால் மணி நேரம் நடந்த பிறகு மூட்டையைத் தொடட்டும்.

கேள்வி: சீட் திருகு துருப்பிடித்துச் சுற்றவே வரவில்லை. சுத்தியால் தட்டலாமா?
— ஜேசிபி ஓட்டுநர், திருவலம்

பதில்: தட்டினால் மரை போய்விடும். சாயங்காலம் துரு எடுக்கும் ஸ்பிரேயை மரையில் மட்டும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் சீட்டில் ஆள் இல்லாமல், பாரம் இல்லாத நிலையில் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். டீசல் ஊற்றாதீர்கள், கீழே ரப்பர் இருக்கிறது.