எஸ்-6 அட்டவணைக்காக லேப்டாப்பை மாற்ற வேண்டாம்

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். முடிவுறு குலங்களை ஏபிஎல் மொழியில் கணக்கிடுவது என் புராஜெக்ட். டயலாக் ஏபிஎல்லில், ஆறு பொருள்களின் எல்லா வரிசை மாற்றங்களும் அடங்கிய சமச்சீர் குலம் எஸ்-6-இன் பெருக்கல் அட்டவணை வந்துவிட்டது. சேர்ப்புப் பண்பை, அதாவது (அஆ)இ = அ(ஆஇ) என்பதை, சோதித்தால் மட்டும் ‘டபிள்யூஎஸ் ஃபுல்’ (வேலைத்தள நினைவகம் நிரம்பிவிட்டது) என்று நின்றுவிடுகிறது. அடுத்து எஸ்-7 வேறு செய்ய வேண்டும். ராம் கூட்டினால்தான் ஓடும், இல்லையென்றால் பணம் கட்டுங்கள், முழுசாக நாங்களே முடித்துத் தருகிறோம் என்கிறார்கள் ஒரு புராஜெக்ட் சென்டரில். என்ன செய்வது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: இரண்டுக்கும் பணம் தராதீர்கள். உங்கள் மெஷினில் குறையில்லை, சோதிக்கும் வழிதான் பெரிது. அநேகமாக இந்த வரியைத்தான் எழுதியிருப்பீர்கள்:

∆[∆;]≡∆[;∆]

∆ என்பது அட்டவணை. அழகான வரி, சரியான வரியும்கூட. ஆனால் மூன்று மூன்று உறுப்பாக எல்லாச் சேர்க்கையையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் விரித்துப் போடுகிறது. எஸ்-6-இல் 720 உறுப்புகள். 720-இன் கனம் 37,32,48,000. உறுப்புக்கு 2 பைட் வீதம் ஒரு பக்கத்துக்கே சுமார் 746 எம்பி, சமக்குறியின் இரு பக்கமும் சேர்த்தால் 1.5 ஜிபி. வேலைத்தள வரம்பை உயர்த்தி இதை ஓட்டிவிடலாம் என்பது உண்மைதான். எஸ்-7-க்கு என்ன செய்வீர்கள்? 5,040-இன் கனம் 12,802 கோடி. ஒரு பக்கத்துக்கு 256 ஜிபி. எந்தக் கடையில் ராம் வாங்கிப் போட்டாலும் லேப்டாப் அதைத் தாங்காது.

லைட் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எல்லா உறுப்புகளையும் நடுவில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, பிறப்பாக்கிகளை, அதாவது திரும்பத் திரும்பப் பெருக்கினால் மற்ற எல்லாவற்றையும் தந்துவிடும் சில உறுப்புகளை, மட்டும் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு உறுப்புகள் நடுவில் நின்று தேறினால் அவற்றின் பெருக்கலும் தேறும் என்பதால், மற்ற எல்லாம் தானாக அடங்கிவிடும். ⍙ என்பது பிறப்பாக்கியின் வரிசை எண் என்றால்:

∆[∆[;⍙];]≡∆[;∆[⍙;]]

இப்போது ஒரு பக்கத்துக்கு 5,18,400 உறுப்புகள்தான், ஏறத்தாழ 1 எம்பி. எஸ்-6-க்கு இரண்டு பிறப்பாக்கிகள் போதும்: 1 0 2 3 4 5, 1 2 3 4 5 0. வரிசை மாற்றங்களை அகராதி வரிசையில் அடுக்கி 0-லிருந்து எண்ணினால் அவை 120-ஆவதும் 153-ஆவதும். ⍙-இல் முதலில் 120, பிறகு 153. இரண்டு முறையும் விடை 1 வர வேண்டும். எஸ்-7-இல் அதே போன்ற ஜோடி 720, 873. அங்கே ஒரு பக்கத்துக்குச் சுமார் 51 எம்பி, சாதாரண லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும். எஸ்-8-க்கு அட்டவணையே 6.5 ஜிபி. அங்கே அட்டவணை முறையை விட்டுவிட்டு, குலக் கணக்குகளுக்கான கேப் மென்பொருளுக்குப் போவதே முறை.

சொல்லப்போனால், அட்டவணையை வரிசை மாற்றங்களிலிருந்து நேரடியாக உருவாக்கியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டியதில்லை. 720 வரிசை, 6 நெடுவரிசை கொண்ட வரிசை மாற்ற அணியை இப்போது ⍙ என்று வைத்தால் ∆←⍙⍳⍙[;⍙] என்ற ஒரே வரி அட்டவணையைத் தந்துவிடும். சார்புகளின் இணைப்பு எப்போதும் சேர்ப்புப் பண்புடையது, அதை நிறுவியாகிவிட்டது. 720>⌈/,∆ என்று கேட்டு 1 வந்தால் அடைவுப் பண்பும் (பெருக்கல் பலன் குலத்துக்குள்ளேயே இருப்பது) சரி.

சோதனை கட்டாயமாகும் இடம் ஒன்று உண்டு: அட்டவணையைக் கையால் தட்டியிருந்தாலோ, பிறரிடமிருந்து வாங்கியிருந்தாலோ. சென்டர்காரர்கள் விற்கும் புரோகிராம், ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் எண் திரும்ப வராவிட்டாலே ‘இது குலம்’ என்று அச்சிட்டுவிட்டால் அது ஏமாற்று. இதைப் பாருங்கள்:

0 1 2 3 4
1 0 3 4 2
2 4 0 1 3
3 2 4 0 1
4 3 1 2 0

எந்த எண்ணும் திரும்ப வரவில்லை. 0 சமனி, எதோடு பெருக்கினாலும் அதையே தரும். ஒவ்வொரு உறுப்பும் தனக்குத் தானே எதிர்மறை. பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் 1-ஐயும் 1-ஐயும் முதலில் பெருக்கினால் 0, அதோடு 2 சேர்ந்தால் 2. மாற்றிச் செய்தால் 1-ஐயும் 2-ஐயும் பெருக்க 3, 1-ஐ அந்த 3-உடன் பெருக்க 4. இரண்டும் நான்கும் ஒன்றல்ல. இன்னொரு வழியிலும் பிடிக்கலாம்: 5 உறுப்புள்ள குலத்தில் வரிசை 2 உடைய உறுப்பு (சமனியல்லாத, தன்னோடு தானே பெருக்கினால் சமனி தரும் உறுப்பு) இருக்க முடியாது, 2 ஐந்தை வகுக்காதே. லெக்ராஞ்சி தேற்றம் படித்த யாரும் பார்த்தவுடன் சொல்லலாம். 4 உறுப்புகள் வரை இந்த வம்பு இல்லை, சமனியும் இருந்து எண்ணும் திரும்பாவிட்டால் அது குலமேதான். ஐந்திலிருந்து இப்படி ஏமாற்றும். வைவாவில் இந்த அட்டவணையை நீட்டினால் காசு கொடுத்து வாங்கிய புரோகிராம் என்ன பதில் சொல்லும்?

டயலாக் எண்ணிக்கையை 1-லிருந்து தொடங்கும். ⎕ குறியோடு ஐ, ஓ எழுத்துகளைச் சேர்த்து அதை 0 ஆக்கிவிட்டே மேலே உள்ள வரிகளை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ‘இண்டெக்ஸ் எரர்’ வரும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை. தெரியாத பிழை வேறு: ∆, ⍙ இரண்டும் தனித்தனி வரிசை மாற்றங்கள் என்று வைத்தால், ∆[⍙] என்பதில் ⍙ முதலில், ∆ பிறகு. உங்கள் பாடநூல் இடமிருந்து வலமாகப் பெருக்கினால் அட்டவணையை ⍉ கொண்டு திருப்புங்கள். திருப்பாவிட்டாலும் சேர்ப்புச் சோதனை 1 என்றே சொல்லும், இணைக் கணங்களில் (உட்குலத்தை ஓர் உறுப்பால் பெருக்கிக் கிடைக்கும் கணங்களில்) இடதும் வலதும் மாறிப்போயிருக்கும்.

வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு டயலாக் இலவசம். ‘லைசென்ஸ் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சில மாதங்களில் தலைப்பு, நிரல், பைண்டிங் எல்லாம் கேட்டுவிட்டு, நிரலை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காத நடைமுறைதான் இந்தச் சென்டர்களை வாழவைக்கிறது. நிரலை மதிப்பிடுகிறவர்கள் மாணவரை உட்காரவைத்து, ஏறுவரிசையில் அடுக்கத் தேவையான இடங்களைத் தரும் ⍋ குறி வரிசை மாற்றத்தின் எதிர்மறையை ஏன் தருகிறது என்று கேட்டாலே போதும், பாதி வியாபாரம் படுத்துவிடும். 2 0 3 1-க்கு ⍋ போட்டால் 1 3 0 2. ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

பிரிண்ட் எடுக்கப் போகும்போது வேர்டு ஃபைலைக் கொண்டுபோகாதீர்கள். கடை மெஷினில் ஃபாண்ட் இல்லாமல் ⍋, ⍉, ⍙ எல்லாம் வெறும் கட்டங்களாக வரும். ஏபிஎல்385 யூனிகோட் ஃபாண்டில் அமைத்து, ஃபாண்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கி, ஒரு பக்கம் மட்டும் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.