மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படங்களை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? பழைய படத்தைக் கேட்டால் ஏன் தேடித் திண்டாடுகிறார்கள்?

பெங்களூரு தனியார் மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் பிரிவில் கணினிப் பணி பார்க்கிறேன். நான் பார்த்தவரை, இடம் போதாமல் படங்கள் தொலைவது அரிது. பெரும்பாலும் பெயர் பிசகித்தான் தொலைகின்றன.

சிடி ஸ்கேனில் ஒரு குறுக்குவெட்டுப் படம் 512-க்கு 512 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் அரை எம்பி. மார்பையும் வயிற்றையும் மெல்லிய வெட்டுகளாக எடுத்தால் ஆயிரம் படங்கள்கூட வரும், அதாவது அரை ஜிபி. நாளுக்கு 40 பேருக்கு எடுத்தாலும் ஆண்டுக்கு 7 டிபி சொச்சம்தான். தரம் குறையாமல் சுருக்கினால் ஏறக்குறைய பாதி. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு இது மலைக்கும் அளவல்ல. புதியவற்றை வேகமான வட்டிலும், பழையவற்றை மலிவான வட்டிலோ டேப்பிலோ வைப்பார்கள். டேப்பிலிருந்து எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவே.

திண்டாட்டம் வேறிடத்தில் இருக்கிறது. படங்கள் டைகாம் என்ற பொது வடிவத்தில், ஸ்கேன் படங்களைச் சேமித்துத் தேடித் தரும் பேக்ஸ் சர்வருக்குப் போகின்றன. அந்த வடிவம் பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்துக் கேட்கும். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வரும் நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? செ. முருகன் ஒரு முறை ‘முருகன் எஸ்’ ஆவார், அடுத்த முறை அப்பா பெயரோடு ‘முருகன் செல்வம்’, அவசர சிகிச்சைப் பிரிவில் வெறும் ‘முருகன்’. ஒவ்வொரு முறையும் புதிய பதிவெண் கொடுத்தால் ஒரே ஆள் மூன்று நோயாளி. டாக்டர் கேட்கும் பழைய படம் அதே சர்வரில் இருக்கும், ஆனால் அகப்படாது.

பிறந்த தேதியையும் செல்பேசி எண்ணையும் வைத்துப் பழைய பதிவைத் தேடிய பிறகே புதிய எண் கொடுக்க வேண்டும். ஸ்கேன் அறையில் யாரும் பெயரைக் கையால் அடிக்காமல், பதிவு மேசையின் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஆனால் சர்வர் வாங்க உடனே கையெழுத்திடும் நிர்வாகங்கள், பதிவு மேசைக்கு இன்னோர் ஆள் கேட்டால் இழுத்தடிக்கும்.

பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு என்ற ஏற்பாடு இருக்கிறதே, தனிப் பிரதி எதற்கு என்றும் கேட்பார்கள். ஒரு வட்டு பழுதானால் ரெய்டு காப்பாற்றும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸிடம் அதன் பாச்சா பலிக்காது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, பல நாட்கள் எல்லா வேலையும் காகிதத்தில் நடந்தது. வலைப்பின்னலோடு இணையாத பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு காலம்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டுகளுக்குப் பிறகும் பல மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஸ்கேன் எடுத்த அன்றே டைகாம் கோப்புகளைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் போதாது: சிடி ஸ்கேனில் பல ஆயிரம் சாம்பல் நிலைகள் உண்டு, சாதாரண ஜேபெக் படத்தில் 256 மட்டுமே.