மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம்

வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களும் மாணவிகளும் அனுப்பிய கேள்விகளில் நான்கு இந்த இதழில்.

கேள்வி: இரவுப் பணியில் ஒரு நோயாளிக்கு பி.பி. 110/70, சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96. 'நார்மல்' என்று எழுதினேன். விடியற்காலையில் அவரை ஐசியூவுக்கு மாற்றும்படி ஆகிவிட்டது. எதைத் தவறவிட்டேன்?
— வாசகி, கடலூர்

பதில்: நீங்கள் எழுதியதில் மூச்சு எண்ணிக்கை இல்லை, சகோதரி. பல சார்ட்டுகளில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். இல்லையென்றால் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றிருக்கும். வார்டில் உள்ள 30 பேரும் ஒரே கணக்கில் மூச்சு விட மாட்டார்கள்.

உடம்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். தொற்று இரத்தத்தில் பரவினாலும், வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் இரத்தத்தில் அமிலம் கூடும். அதை வெளியேற்ற மூளை மூச்சை விரட்டும். அதே சமயம் இரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். வேகமாக மூச்சு விடுவதாலேயே சாச்சுரேஷனும் 96-இல் நிற்கும். பி.பி. விழும் நேரத்தில் நாம் பல மணி நேரத்தை இழந்திருப்போம்.

எண்ணும் முறை: நாடி பார்த்து முடித்ததும் விரலை எடுக்காமல், நோயாளியிடம் சொல்லாமல், மார்பையோ வயிற்றையோ பார்த்து 60 வினாடி எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் 4 தவறும். 12 முதல் 20 வரை சரி. 20-ஐத் தாண்டினால் மற்ற அளவுகளையும் உடனே எடுத்துவிட்டு, அடிக்கடி திரும்பப் பாருங்கள். 25-உம் அதற்கு மேலும், 8-உம் அதற்குக் கீழும் டூட்டி டாக்டரை அழைக்க வேண்டிய எண்கள். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கணக்கிட பிரிட்டனில் 2017-இல் திருத்திய 'நியூஸ் 2' மதிப்பெண் முறையில் இந்த இரண்டுக்கும் தனியாகவே 3 மதிப்பெண். ஒரே அளவில் 3 வந்தாலே டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்கிறது அந்த முறை. எல்லாம் சேர்த்து 7 வந்தால் அவசரநிலை.

110/70-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 என்றால் 50 இறங்கியிருக்கிறது. கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி எதிர்பார்த்த அளவு ஏறாது. முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல், புதிதாக வந்த குழப்பம் மட்டுமே தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். "அப்பா ராத்திரியிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்காரு" என்று மகள் சொன்னால் அதையும் சார்ட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

டாக்டர் வரும்வரை கை சும்மா இருக்க வேண்டாம். பேச்சு தெளிவாக வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. பி.பி. குறையாதவரை தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். சாச்சுரேஷன் 94-க்குக் கீழே போனால் ஆக்சிஜன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு 88–92 போதும். விரல் நுனியை 5 வினாடி அழுத்தி விடுங்கள். 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பச்சை நிற 18 கேஜ் வீன்ஃப்ளான் (நரம்பு வழி மருந்து ஏற்றும் குழாய்) ஒன்று போட்டு வையுங்கள். குழப்பத்தில் இருக்கும் யாருக்கும் குளுக்கோமீட்டர் பார்க்காமல் விடாதீர்கள். சிறுநீர் மணிக்கு எடைக் கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் குறையக் கூடாது, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் முதலில் கல்ச்சருக்கு (கிருமியைக் கண்டறியும் சோதனைக்கு) இரத்தம் எடுங்கள்; அதற்காக மருந்தைத் தாமதிக்கவும் கூடாது.

கேள்வி: பை வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கை 5 லிட்டரில் ஓட்டலாமா?
— செவிலியர் மாணவி, புதுச்சேரி

பதில்: கூடாது. 10 முதல் 15 லிட்டர் வேண்டும். மாட்டுவதற்கு முன் உள் வால்வை விரலால் மூடிப் பையை முழுதாக நிரப்புங்கள். மூச்சை இழுக்கும்போது பை சப்பிப் போனால் ஓட்டம் போதவில்லை. பையில்லாத சாதா மாஸ்க்கையும் 5 லிட்டருக்குக் கீழே வைக்காதீர்கள். விட்ட மூச்சு மாஸ்க்குக்குள்ளேயே தங்கி, அதையே திரும்ப இழுப்பார். குறைந்த ஓட்டம் போதுமென்றால் மூக்குக் குழாய்க்கு மாற்றுங்கள். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு அனுப்பும்போது சிலிண்டர் கணக்கும் போடுங்கள்: நிரம்பிய பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர், 15 லிட்டரில் ஓட்டினால் 100 நிமிடம். முள் பாதியில் நின்றால் 50 நிமிடம்தான்.

கேள்வி: தரையில் படுத்திருந்தவருக்கு நள்ளிரவில் வயிற்று வலி, பிறகு இமை தொங்கல். கடித்த தடம் இல்லை, சாச்சுரேஷன் 98. எதைக் கவனிப்பது?
— கிராமச் செவிலியர், குறிஞ்சிப்பாடி வட்டாரம்

பதில்: கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அதன் பல் மெல்லியது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. 98-ஐப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், மூச்சுத் தசைகள் தளர்ந்து வெகுநேரம் கழித்தே அது இறங்கும். மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் 30 வரை எண்ணியவர் 15-இல் நின்றால் ஆபத்து நெருங்கிவிட்டது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். எச்சில் தேங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

மருத்துவமனையில் முறிமருந்து ஏறும்போது 0.5 மி.கி. அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் தொடைத் தசையில் போடுவதற்கு. இந்த நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால், ஏற்கெனவே வந்த வாதத்தை முறிமருந்து திருப்பாது. நரம்பு தேறும்வரை மூச்சு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். கண் திறக்காமல், கண்மணி விரிந்து, அசைவற்றுக் கிடப்பவருக்கும் நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். அவர் பக்கத்தில் நின்று "போயிடுச்சு" என்று யாரும் பேச விடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: இரவில் டாக்டரை எழுப்பினால், "என்னம்மா, காலையில பாக்கக் கூடாதா?" என்கிறார். எப்படிச் சொல்வது?
— வாசகி, நெய்வேலி

பதில்: "ஒரு மாதிரி இருக்கார்" என்று தொடங்காமல் எண்ணில் தொடங்குங்கள். "டாக்டர், 12-ஆம் படுக்கை, வயது 54, சர்க்கரை நோயாளி, காலில் புண். மூச்சு பத்து மணிக்கு 18, இப்போது 28. நாடி 118, பி.பி. 104/60, புதிதாகக் குழப்பம், சர்க்கரை 240. தொற்று பரவுகிறதோ என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள். அதுவரை என்ன ஆரம்பிக்கட்டும்?" அவர் சொல்லும் உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதி செய்து, அழைத்த நேரத்தோடு எழுதுங்கள். 15 நிமிடத்தில் வரவில்லையென்றால் அடுத்த நிலை டாக்டரை அழையுங்கள். அதையும் நேரத்தோடு எழுதுங்கள்.