செதில் தோல் உள்ள குழந்தைக்கு அசிட்ரெடின் கொடுக்கலாமா?

உங்கள் பையனுக்கு 4 வயது, லமெல்லர் இக்தியோசிஸ் (பிறவியிலேயே தோல் செதில் செதிலாக உரியும் நோய்), டாக்டர் எழுதிக் கொடுத்த அசிட்ரெடின் அட்டையை ஒரு வாரமாகப் பிரிக்காமலே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். என் மகளுக்கும் அதே நோய்தான். இப்போது 9 வயது. 4 வருடமாக இந்த மருந்தில் இருக்கிறாள்.

முன்பெல்லாம் காலையில் தலையணை உறையை உதறினால் செதில் கொட்டும். கீழ் இமை வெளியே இழுத்துக்கொண்டு, தூங்கும்போதுகூடக் கண் முழுசாக மூடாது. மருந்து தொடங்கி இரண்டாவது மாதம், பாகற்காயைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவள் நெற்றி மடிந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

ஆனால் இது வைட்டமின் ஏ வகை மருந்து. கூடவே வேறு எதில் வைட்டமின் ஏ போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது மாதம் அவளுக்கு விடாத தலைவலி, வாந்தி. "வேறென்ன கொடுக்கிறீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பேத்தி தேறட்டும் என்று என் மாமியார் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை கொடுத்துவந்திருக்கிறார். பாசத்தில் செய்தது. வைட்டமின் ஏ கூடினால் மூளைக்குள் அழுத்தம் ஏறலாம். அன்றே இரண்டையும் நிறுத்தச் சொன்னார். கண் நரம்பைப் பரிசோதித்து, நல்லவேளை வீக்கம் இல்லை என்று உறுதியான பிறகே அசிட்ரெடினை மறுபடி தொடங்கினார். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்தும் இதோடு சேரக் கூடாது. உங்கள் பையனுக்கு 5 வயதுவரை அங்கன்வாடியில் 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் ஊற்றுவார்கள். அதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. 16 கிலோ இருந்தபோது அவளுக்குத் தினம் ஒரு 10 மில்லிகிராம் கேப்சூல், மதியச் சாப்பாட்டோடு. தொடங்கும் முன்பும், பிறகு மாதாமாதமும், இப்போது 3 மாதத்துக்கு ஒருமுறையும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை. நீண்ட நாள் கொடுத்தால் எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் உயரத்தையும் அளக்கிறார்கள். உதடு வெடிக்கும், வாசலின் போதும்.

பெண் குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று: இது கருவைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்திய பின்னும் 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது. அதனால் மகள் வயதுக்கு வருமுன் என்ன செய்வது என்று இப்போதே டாக்டரிடம் பேசி வருகிறோம்.

அட்டையைப் பிரிக்குமுன், வீட்டில் இருக்கும் டானிக், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.