காக்பிட் பலகைக்குச் சின்னத் திரைகள்: கேள்வி பதில்

வீட்டில் விமான சிமுலேட்டர் (கணினியில் பறக்கும் போலி விமானி அறை) கட்டிவரும் சேலம் வட்டாரத்து நண்பர்கள், முன்பலகையில் சிறு திரைகளைப் பொருத்துவது குறித்து எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் விமானம் ஓட்டியவன் அல்லன். சேகோ ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவன். மாடி அறையில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் முன்பலகையைப் பல ஆண்டுகளாகக் கட்டியும் கலைத்தும் வருகிறேன் என்பது மட்டுமே என் தகுதி.

அஸ்தம்பட்டி நண்பர்: ஐயா, செஸ்னாவில் பறப்பு விவரங்களும் நிலப்படமும் காட்டும் ஜி1000 திரைக்காக 7 அங்குலத் திரை இரண்டு வாங்கினேன். பலகையில் வைத்துப் பார்த்தால் பொம்மை போல இருக்கிறது. எங்கே தவறினேன்?

அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்து சொல்லும் கணக்கு. அதிலிருந்து அகலமும் உயரமும் தெரிவதில்லை. நிஜமான ஜி1000 திரை 10.4 அங்குலம், 1024-க்கு 768 புள்ளிகள், அதாவது 4-க்கு 3 என்ற வடிவம். அதன் ஒளிரும் பரப்பு ஏறத்தாழ 211 மி.மீ. அகலமும் 158 மி.மீ. உயரமும் கொண்டது. நீங்கள் வாங்கிய 7 அங்குலத் திரையோ 154 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம் மட்டுமே உள்ள நீள்வாட்டத் திரை. அதில் 4-க்கு 3 படத்தைக் காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். படம் 115 மி.மீ. அகலத்தில், நிஜத்தில் பாதியளவுக்குச் சற்றே மேலாகச் சுருங்கிவிடும். ஆகவே முதலில் பலகையின் திறப்பை அளந்து காகித அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு விற்பவரிடம் ஒளிரும் பரப்பின் அளவை மி.மீ. கணக்கில் கேளுங்கள். வாங்கியவற்றை வீசிவிட வேண்டாம். ரேடியோ அலைவரிசை காட்டவும் கடிகாரம் காட்டவும் அவை போதும்.

கமலாபுரம் நண்பர்: எங்கள் வீட்டுக்கு மேலேதான் ஏ.டி.ஆர் விமானம் இறங்குகிறது. அதே காக்பிட்டைக் கட்ட ஆசை. என்ன திரை பொருந்தும்?

ஆசை நியாயமானதுதான், சேலம் விமான நிலையத்தில் நாம் அடிக்கடி காண்பதும் அந்த இனம்தான். ஏ.டி.ஆர் 72-600-இல் 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட திரைகள் ஐந்து, நெடுவாட்டமாக நிற்கின்றன. பழைய ஐபேடுகளில் வந்த 9.7 அங்குலத் திரை ஏறத்தாழ 197-க்கு 148 மி.மீ. என்பதால், அதை நிமிர்த்தி வைத்தால் மிக நெருக்கமாகப் பொருந்தும். அந்தத் திரைக்கென்றே எச்.டி.எம்.ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் இணைப்புள்ள சிறு போர்டுகள் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 42-600, 72-600 ஆகிய இரண்டு மாதிரிகளும் 2023-இல் வந்துவிட்டன. ஐந்தையும் ஒரேயடியாக வாங்காமல், விமானியின் முன்னுள்ள இரண்டில் தொடங்குங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் நண்பர்: எச்.டி.எம்.ஐ ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கி மூன்று திரைகளை இணைத்தேன். மூன்றிலும் ஒரே படம்தான் வருகிறது. பிறகு யு.எஸ்.பி வழியாகத் திரையை இணைக்கும் அடாப்டரை வாங்கினேன். சிமுலேட்டரே தவழ ஆரம்பித்துவிட்டது. என்ன வழி?

இந்த இரண்டு குழிகளிலும் நானும் விழுந்து எழுந்தவன்தான். ஸ்ப்ளிட்டர் என்பது ஒரே படத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி. கல்யாண மண்டபத்தில் நான்கு டி.வி.யில் ஒரே தாலி கட்டும் காட்சியைக் காட்டப் பயன்படுவது. தனித்தனிப் படம் வேண்டுமானால் கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்தே தனித்தனியாக வர வேண்டும். ஜிஃபோர்ஸ் அட்டைகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நான்கு திரைகளைத் தாங்கும். வெளிக்காட்சிக்கு ஒன்று போனால் மூன்று மிஞ்சும். டிஸ்ப்ளே போர்ட் ஒன்றையே கிளைபிரித்துத் தரும் எம்.எஸ்.டி ஹப் உண்டு. அதுவும் அட்டையின் மொத்த எண்ணிக்கைக்குள்தான் அடங்கும்.

யு.எஸ்.பி அடாப்டர் ஏன் திணறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1024-க்கு 768 என்பது 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு 56 கோடி பிட்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். யு.எஸ்.பி 2.0-இன் உச்ச வேகமே நொடிக்கு 48 கோடி பிட்டுதான். அதனால் அடாப்டர் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது உங்கள் கணினியின் பிராசஸர். சிமுலேட்டருக்கு மிக அவசியமான அதே பிராசஸரிடம் இந்தக் கூலி வேலையையும் சுமத்தினால் தவழாமல் என்ன செய்யும்?

என்னைக் கேட்டால், திரை வாங்குமுன் எல்லோரும் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: அந்தத் திரைக்குப் படத்தை அனுப்பப் போகிறோமா, எண்ணை அனுப்பப் போகிறோமா? உயரமானி காட்ட வேண்டியது ஒரே ஓர் எண். நான்கு பைட்டில் அடங்கிவிடும். முள்ளும் முகப்பும் வரையும் வேலையைத் திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கணினியே செய்துகொள்ளட்டும். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் மென்பொருள் இத்தகைய எண்களை வீட்டு நெட்வொர்க்கில் யு.டி.பி முறையில் அனுப்பும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் சிம்கனெக்ட் என்ற இணைப்பு வசதி அந்த வேலையைச் செய்கிறது. ஏர் மேனேஜர் என்ற மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓட்டி, சிமுலேட்டர் கணினிக்குச் சுமையே தராமல் கருவிகளை வரையலாம். ஆனால் ஜி1000 போல நிலப்படமும் பாதையும் பட்டியலும் காட்டும் திரையை எண்களிலிருந்து மறுபடி வரைவது பெரும்பாடு. அங்கே படத்தை அனுப்புவதே அறிவுடைமை. நல்ல அட்டையின் மூன்று வாசல்களையும் அத்தகைய திரைகளுக்கு ஒதுக்குங்கள். மற்றவை எண்ணில் வாழட்டும்.

அம்மாபேட்டை, பொறியியல் மாணவர்: அண்ணா, அர்டுயினோ மெகா என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டில் 1.28 அங்குல வட்டத் திரை மாட்டி வேகமானி செய்தேன். முள் தத்தித் தத்தி நகர்கிறது. நிரல் தவறா?

தம்பி, உங்கள் நிரலைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வட்டத் திரையில் 240-க்கு 240 புள்ளிகள். புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 9,21,600 பிட்டுகள். மெகா திரைக்குப் படத்தை அனுப்பும் எஸ்.பி.ஐ இணைப்பின் வேகம் அதிகபட்சம் 8 மெகாஹெர்ட்ஸ் என்பதால், வேறெந்த வேலையும் இல்லாவிட்டாலும் நொடிக்கு எட்டுப் படத்துக்குச் சற்று மேல்தான் அனுப்ப முடியும். அந்தப் படத்தை முன்கூட்டியே நினைவகத்தில் வரைந்து வைக்க 1,15,200 பைட்டுகள் தேவை. மெகாவில் இருப்பதோ 8 கிலோபைட். போதாக்குறைக்கு மெகா 5 வோல்ட் சமிக்ஞை தரும். இத்தகைய திரைகளின் சிப் 3.3 வோல்ட்டுக்கு ஆனது.

இ.எஸ்.பி32 போர்டுக்கு மாறுங்கள். அதன் நினைவகம் 520 கிலோபைட், சமிக்ஞையும் 3.3 வோல்ட்டே. எஸ்.பி.ஐ 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு நாற்பது படம் வரை எட்டலாம். அதோடு ஒரு நுட்பம்: முகப்பை ஒருமுறை வரைந்துவிட்டு, முள் விட்டுப்போன இடத்தையும் புதிதாகச் சென்ற இடத்தையும் மட்டும் திருத்தி எழுதுங்கள். மெகாவை ஓரங்கட்ட வேண்டாம். மோபிஃப்ளைட் என்ற மென்பொருள் மூலம் பொத்தான்களையும் ஏழு துண்டு எண் விளக்குகளையும் கவனிக்க அதைவிட நல்ல வேலையாள் இல்லை.

குகை நண்பர்: ஆறு சிறு திரைகள். தனித்தனியாக எல்லாம் நன்றாக ஓடுகின்றன. சேர்த்துப் போட்டால் சில மினுக்குகின்றன, ஒன்று அணைந்தே போகிறது.

திரை பழுது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் ஒயர்தான் காரணம். மலிவான யு.எஸ்.பி கேபிளுக்குள் 28 கேஜ் என்ற மெல்லிய ஒயர் இருக்கும்; அதன் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். இரண்டு மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் நான்கு மீட்டர், ஆக 0.85 ஓம். திரை 0.6 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் வழியிலேயே கரைந்து, 5 வோல்ட் 4.5 ஆகிப் போய்ச் சேரும். 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் பவர் சப்ளை ஒன்றைப் பலகைக்குப் பின்னால் வைத்து, தடித்த ஒயரில் ஒவ்வொரு திரைக்கும் தனிக் கிளை இழுங்கள். கிளைக்கொரு ஃபியூஸ் போடுங்கள். மல்டிமீட்டரைத் திரையின் முனையில் வைத்து, எல்லாத் திரைகளும் எரியும்போது அளப்பதே சரியான சோதனை.

செவ்வாய்ப்பேட்டை நண்பர்: பழைய லேப்டாப் திரைகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பின்னால் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைச் சொல்லி அதற்கேற்ற கண்ட்ரோலர் போர்டு கேட்க வேண்டும். 40 முள் எல்.வி.டி.எஸ், 30 முள் இ.டி.பி என்று இணைப்பு வகைகள் வேறுபடும். குழல் விளக்கு கொண்ட மிகப் பழைய திரைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். உருண்டைக் கருவிகள் ஆறும் வேண்டுவோருக்கு என் சிபாரிசு இதுவே: ஒரே 15.6 அங்குலத் திரையைப் பின்னால் வைத்து, முன்பலகையில் வட்டத் துளைகள் இட்டால் ஆறு திரைகளின் தொல்லை ஒன்றாகிவிடும். ஆனால் அத்திரையின் உயரம் 194 மி.மீ. மட்டுமே. நிஜக் கருவியின் துளை 79 மி.மீ. என்பதால் இரண்டு வரிசை அடங்கும். மேலும் கீழும் இடம் அதிகம் மிஞ்சாது.

அந்தத் துளைகளை வெட்ட, உங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைகள் உண்டல்லவா? நூல் போன்ற வாளால் வெள்ளித் தகட்டில் பூ வேலை செய்பவரிடம் ஒருமுறை 3 மி.மீ. அக்ரிலிக் தந்து பார்த்தேன். கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே அறுத்து, பிறகு அரத்தால் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ராவிக் கோட்டைத் தொட்டார். வேகமாக அறுத்தால் பிளாஸ்டிக் உருகி வாளைக் கவ்வும் என்று அவரே கண்டுகொண்டு, இடையிடையே தண்ணீர் தொட்டு அறுத்தார். பெயர்ப்பலகைக் கடையின் லேசர் வெட்டு விரைவானதுதான். ஆனால் திருத்த வேண்டிய அரை மி.மீ.க்கு அந்தக் கைதான் வேண்டும். பொருத்தும்போது திருகுகளை இறுக்காதீர்கள். நான் இறுக்கி, புத்தம்புதுத் திரையின் மூலையில் மேகம் படிந்தது போன்ற கறையை வாங்கிக்கொண்டேன். நான்கு மூலைகளிலும் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்தால் போதும்.

அழகாபுரம் நண்பர்: உட்கார்ந்து பார்த்தால் கீழ்த்திரை வெளுத்துத் தெரிகிறது. குனிந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது.

அது டி.என் வகைத் திரை. ஒரு திசையிலிருந்து மட்டும் சரியாகத் தெரியும். திரையைத் தலைகீழாகப் பொருத்தி, விண்டோஸில் படத்தை 180 பாகை திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். இனி வாங்குவதானால் ஐ.பி.எஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓமலூர் நண்பர்: கணினியை அணைத்துப் போட்டால் திரைகளின் வரிசை மாறிவிடுகிறது, சிமுலேட்டரிலிருந்து தனிச் சாளரங்களாக வெளியே எடுத்து வைத்த கருவிகளும் காணாமல் போகின்றன.

மலிவுத் திரைகள் பல, தம் அடையாளமாக ஒரே எண்ணையே கணினியிடம் சொல்கின்றன. இரட்டைப் பிள்ளைகளைப் போல விண்டோஸுக்கு யார் எவர் என்று தெரிவதில்லை. கேபிள்களுக்கும் வாசல்களுக்கும் எண் எழுதி ஒட்டி, எந்நாளும் மாற்றாதீர்கள். திரைகளை முதலில் எரியவிட்டு, பிறகு கணினியைப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலது ஆல்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கி வெளியே எடுக்கும் கருவிகள் அடுத்த பறப்பில் மறந்துபோகும். பாப் அவுட் பேனல் மேனேஜர் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தம் இடங்களில் மறுபடி நிறுத்திவைக்கும். வெளியே எடுக்கும் ஒவ்வொரு கருவியும் படவேகத்தைக் கொஞ்சம் தின்னும்.

ஏற்காடு நண்பர்: மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருகிறது. திரைகள் தாங்குமா? இடியும் அதிகம்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி உங்கள் ஊருக்கு வந்து ஒரு பலகையைத் திறந்து பார்த்தபோது, இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்ததைக் கண்டேன். ஈரம் திரையைவிட முனைகளைத்தான் முதலில் தின்னும். பயன்படுத்தாத நாளிலும் அரை மணி நேரம் எல்லாத் திரைகளையும் எரியவிடுங்கள்; அவற்றின் வெப்பமே உள்ளிருக்கும் ஈரத்தைத் துரத்தும். பின்பக்கத்தை அடைத்துப் பெட்டியாக்கியிருந்தால் மேலும் கீழும் காற்றுவழி விட்டு, சிலிக்கா ஜெல் பை வைத்து மாதமொருமுறை மாற்றுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளி கண்டால், அது காயும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இடி முழங்கத் தொடங்கினால் ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். பலரும் மறப்பது நெட்வொர்க் கேபிளை. எண்களைச் சுமந்து வரும் அதே கம்பி மின்னலையும் சுமந்து வரும். ஆகவே வெளியிலிருந்து வரும் இணைய ஒயரையும், மோடத்திலிருந்து சிமுலேட்டருக்குச் செல்லும் ஒயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். மலையில் அடிக்கடி மின்னழுத்தம் இறங்கி ஏறுவதால், திரைகளின் பவர் சப்ளையையும் கணினியோடு ஒரே யு.பி.எஸ்ஸில் வையுங்கள், இல்லையேல் கணினி தப்பி, திரைகள் மட்டும் அணைந்து எரியும்போது, ஓமலூர் நண்பருக்கு நேர்ந்த வரிசைக் குழப்பம் பறப்பின் நடுவே உங்களுக்கும் நேரும்.